சமோவாவில் ஸ்டீவன்சன்

அயல்நாட்டுக் கடற்கரையில் குடியேறுகின்றவனுக்கு அந்நாட்டு மக்களின் துயரில் பங்கு உண்டா? நான் பல ஆண்டுகள் வகுப்பில் கற்பித்த ‘புதையல் தீவு’ நாவலின் ஆசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் கடைசி ஆண்டுகளைப் பாருங்கள், மாணவர்களே.

ஸ்காத்லாந்தில் பிறந்த அவர் நுரையீரல் நோயால் வாடினார். இதமான காற்றை நாடிப் பசிபிக் தீவுகளில் அலைந்து, 1889-இல் சமோவாவை அடைந்தார். வைலிமாவில் மலைச்சரிவில் 300 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கி வீடு கட்டினார். கீழே நீலக்கடல், அருகே ஓடைகள். வெள்ளையருள் பலருக்கு இவ்வளவே போதுமானதாயிருந்தது. ஸ்டீவன்சனோ சமோவ மொழியைக் கற்றார். ‘துசிதாலா’, அதாவது கதைசொல்லி, என அம்மக்கள் அவரை அழைத்தனர்.

அக்காலத்தில் ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்று வல்லரசுகளும் அத்தீவுகளில் ஆதிக்கப் போட்டி நடத்தின. அதனைக் கண்டித்து அவர் 1892-இல் ஒரு நூலே வெளியிட்டார். நாடு கடத்தப்படலாம் என்ற நிலை வந்தும் ஓயவில்லை. (நோயாளியின் துணிவைக் கவனியுங்கள்!) 1893-இல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட தலைவர்களுக்கு உணவு கொண்டு சென்றார். விடுதலையான அவர்கள், 1894-இல், கூலி பெறாமல் அவர் வீட்டுக்குச் சாலை அமைத்துத் தந்தனர்.

அவ்வாண்டு டிசம்பரில், 44-ஆம் வயதில், அவர் காலமானார். சமோவர் காட்டை வெட்டி வழி செய்து, அவருடலைத் தோளில் சுமந்து சென்று, வையா மலையுச்சியில் அடக்கம் செய்தனர்.