மண்ணுக்குள் மறைந்திருந்த ராஜ அரண்மனை

350 அறைகள் கொண்ட அரண்மனை ஒன்று அடையாளம் தெரியாமல் மறைந்துபோகுமா? ஐரோப்பாவில் உள்ள ஹங்கேரி நாட்டில் அப்படி நடந்தது!

தலைநகர் புடாபெஸ்டுக்கு வடக்கே சுமார் 40 கிலோ மீட்டர் தூரத்தில், டான்யூப் நதி வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கிறது விஷெக்ராட் என்ற சிற்றூர். ரயிலில் போகிறவர்கள் நாஜ்மரோஷ்-விஷெக்ராட் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். பெயர்ப்பலகையில் ஊர் இருக்கிறதே தவிர, ஊர் இருப்பது அக்கரையில். படகில் ஆற்றைக் கடந்துதான் அரண்மனைக்குப் போக வேண்டும்.

மூன்று ராஜாக்கள்

1323-ல் ஹங்கேரி மன்னர் சார்லஸ் ராபர்ட் தமது அரசவையை இங்கே மாற்றினார். 1335-ல் போலந்து ராஜாவும் பொஹீமியா ராஜாவும் இங்கு வந்து அவருடன் பேச்சு நடத்தினார்கள். போலந்து சிம்மாசனத்தின் மீது கொண்டாடிய உரிமையை, பணம் பெற்றுக்கொண்டு பொஹீமியா ராஜா விட்டுக்கொடுத்தார். வியன்னா வழியே போகும் வியாபாரிகள் அங்கே சரக்கை இறக்கி விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் அப்போது இருந்தது. அந்த நகரைத் தொடாமல் செல்லப் புதுப் பாதையும் வகுத்தார்கள்.

பொஹீமியா ராஜாவின் பரிவாரத்துக்கு மட்டும் தினம் 2,500 ரொட்டி கொடுத்ததாகப் பழைய சரித்திர ஏடு கூறுகிறது!

பின்னர் மத்தியாஸ் மன்னர் அரண்மனையை இத்தாலியப் பாணியில் அழகுபடுத்தினார். "350 அறைகள், நான்கு ராஜாக்கள் பரிவாரத்தோடு ஒரே சமயத்தில் தங்கலாம்" என்ற விவரத்தை மிக்லோஷ் ஓலா என்பவர் 1536-ல் எழுதி வைத்தார்.

கற்கள் போன இடம்

1540-களில் ஊர் துருக்கியர் வசமாயிற்று. போர்களில் அரண்மனை பாழடைந்தது. பிற்காலத்தில் குடியேறியவர்கள் அதன் கற்களைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டார்கள். மிச்சத்தை மலைச்சரிவு மண் மூடியது. ஓலா சும்மா அளந்துவிட்டார் என்று படித்தவர்களே சந்தேகப்பட்டார்கள்.

1934 டிசம்பரில் யானோஷ் ஷூலெக் என்ற கட்டடக்கலை நிபுணர் தோண்டியபோது அரண்மனைச் சுவர்கள் வெளிப்பட்டன!

இன்று அங்கே தாழ்வாரம் சூழ்ந்த முற்றத்தைப் பார்க்கலாம். நடுவே ஹெர்குலிஸ் நீரூற்று நிற்கிறது. அது நகல்தான். மண்ணில் கிடைத்த சிவப்புப் பளிங்குத் துண்டுகளை அரண்மனை மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். இடிந்த கட்டடத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் கட்டியும் இருக்கிறார்கள்.

வீடு கட்டப் போன கற்கள் திரும்பி வரவில்லை. எழுதி வைத்த ஏடு மட்டும் சுமார் 400 ஆண்டு காத்திருந்து சாட்சி சொன்னது.