இரவல் ஓடுபாதைகள் – 6: ஆட்டுக் கிடையில் ஒரு விமானத் தளம்

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், கென்ட் மாவட்டக் கடலோரத்தில், ரோம்னி மார்ஷ் என்றொரு தாழ்ந்த சமவெளி இருக்கிறது. அணை போட்டுக் கடலைத் தடுத்து, வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, நூற்றாண்டுக் கணக்கில் மீட்ட நிலம். ஆள் குறைவு, ஆடு அதிகம். ரோம்னி என்ற செம்மறி இனமே இந்த ஊரின் பேரால் வந்ததுதான். இங்குள்ள நியூசர்ச் என்ற சிற்றூரின் மேய்ச்சல் நிலத்தில், 1943 கோடையில் போர் விமானங்கள் வந்து இறங்கின.

இரண்டாம் உலகப் போரில், ஜெர்மனியின் பிடியிலிருந்த பிரான்சுக்குள் நேச நாட்டுப் படை இறங்கியதும், அங்குள்ள வயல்களிலேயே தளம் போட்டுக்கொண்டு விமானப்படையும் கூடவே முன்னேற வேண்டும் என்பது திட்டம். அதற்குச் சொந்த நாட்டிலேயே ஒத்திகை பார்க்க, கென்ட், சஸெக்ஸ் முதலிய பகுதிகளில் 1942இல் நிலம் அளந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட தளங்கள் எழுந்தன. போர்க்காலச் சட்டத்தின்கீழ் நிலம் கைக்கு வந்தது. வேலி போயிற்று, மரம் போயிற்று, குறுக்கே கிடந்த வாய்க்கால் தூர்க்கப்பட்டது. புல்தரையையும் உழுது தானியம் போடு என்று விவசாயியை விரட்டிக்கொண்டிருந்த அரசேதான் அவனுடைய நிலத்தை எடுத்தது. குளிர்காலத்தில் விமானங்கள் இல்லாதபோது மட்டும் இத்தகைய தளங்களில் ஆடுகளுக்கு மறுபடி அனுமதி இருந்தது.

சிமென்ட் ஓடுபாதை கிடையாது. இரும்புக் கம்பி ஊடே பாய்ச்சிய கம்பிவலைச் சுருள்களைப் பாய் விரிப்பதுபோல் புல்மேல் விரித்து, இழுத்து, முளையடித்து இறுக்கிவிடுவார்கள். வலையின் கண்களுக்குள் புல் வளர்ந்துகொண்டிருக்கும். இதை உருவாக்கியவர் இங்கிலாந்தில் குடியேறிய ஜெர்மானியப் பொறியாளர் கர்ட் சோமர்ஃபெல்ட். ஜெர்மனியோடு நடந்த போரில் பிரிட்டன் விரித்த பாதைக்கு ஒரு ஜெர்மானியரின் பெயர்! வீரர்களுக்குக் கூடாரம்தான் வீடு. பழுது பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் வெட்டவெளியில்.

ஒத்திகைக்காகப் போட்ட இடத்துக்கு நிஜமான வேலை வந்தது 1944 ஜூனில். ஏப்ரல் கடைசியிலேயே பிரிட்டிஷ் விமானி ரோலண்ட் பீமண்ட் தலைமையில் டெம்பெஸ்ட் போர் விமானங்கள் நியூசர்ச்சுக்கு வந்திருந்தன. அவருடைய ஸ்குவாட்ரன்களில் ஒன்று நியூசிலாந்துக்காரர்களுடையது. அவர்கள் நாட்டில் பெருகிக் கிடந்ததும் இதே ரோம்னி ஆடுதான். மேய்ச்சல் நிலம் அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்காது.

ஜூன் 13 அன்று ஜெர்மனியின் வி-1 குண்டுகள் வரத் தொடங்கின. விமானி கிடையாது; சுமார் 850 கிலோ வெடிமருந்தோடு, மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல், தாழ்வாகப் பறந்து லண்டனை நோக்கிப் போகும். அன்றிருந்த போர் விமானங்களில் பலவற்றால் அதைத் துரத்திப் பிடிக்க முடியவில்லை. டெம்பெஸ்டால் முடிந்தது. ஆனால் குறி சின்னது. தூரத்திலிருந்து சுட்டால் தப்பும், நெருங்கிச் சுட்டால் வெடித்த சிதறல் சுட்டவர்மேலேயே பாயும். பீரங்கிக் குண்டுகள் அகலப் பரவும்படி அமைப்பதே அப்போதைய வழக்கம். பீமண்ட் அதை மீறி, நான்கு பீரங்கிகளும் சுமார் 275 மீட்டரில் ஒரே புள்ளியில் கூடும்படி மாற்றினார். அவருடைய அணி வீழ்த்திய வி-1கள் 600க்கும் மேல். இதே பீமண்ட்தான் 1949இல் கான்பெரா விமானத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டவர். அந்த கான்பெரா நம் இந்திய விமானப்படையில் 2007 வரை இருந்தது.

வீழ்த்தியது எங்கே விழும்? லண்டனைக் காப்பாற்றிய கணக்கைப் பெருமையோடு எழுதுகிறவர்கள் இதை ஓரிரு வரியில் கடந்துவிடுகிறார்கள். கென்ட் மண்ணில் மட்டும் 1,400க்கும் மேற்பட்ட வி-1கள் விழுந்தன. நிலத்தைக் கொடுத்த கிராமத்துக்காரன்தான் தலைநகருக்குப் போகவேண்டிய குண்டையும் தாங்கினான். ஜூலை நடுவில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளைக் கடற்கரைக்கே நகர்த்திய பிறகு பல குண்டுகள் கடலிலேயே முடிந்தன. ஒரு மாதம் முன்பே அதைச் செய்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

செப்டம்பரில் டெம்பெஸ்டுகள் கிளம்பின. தளம் மூடப்பட்டு, நிலம் விவசாயத்துக்குத் திரும்பியது. கென்ட் பக்கம் பல பண்ணைகளில் சோமர்ஃபெல்ட் வலை வேலியாயிற்று, வீணாக்காத ஜனங்கள்.

இந்த ஒத்திகைக்கான அரங்கேற்றம் பிரான்சில் நடந்தது. படையிறங்கி நான்கு நாள் கழித்து, ஜூன் 10 அன்று, ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் இறங்கிய நார்மண்டி வயலுக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)