சுவர் வழியே வெளியேறும் எமது பணம்

வெப்பமூட்டற் செலவுக்கான ஆண்டுக் கணக்கு கைக்கு வரும்போதுதான், நாம் குடியிருக்கும் கட்டடத்தைப் பற்றி எம்மிற் பலர் சிந்திக்கின்றோம். சுவிற்சர்லாந்தில் நுகரப்படும் எரிசக்தியில் ஏறத்தாழ 40 வீதம் கட்டடங்களுக்கே செலவாகின்றது.

1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்கு முன்னர் எரிபொருள் மலிவாக இருந்தது. அக்காலத்து மாடிக் குடியிருப்புகள் பல போதிய வெப்பக் காப்பின்றியே எழுப்பப்பட்டன. அவற்றின் சுவர், கூரை, யன்னல் வழியே வெப்பம் வீணாகின்றது.

புதிய கட்டடங்களுக்கு வழிகாட்டியாக 1998 இல் 'மினெர்கி' என்னும் தர முத்திரை தோன்றியது. தடித்த காப்புறை, இறுக்கமான யன்னல்கள், வெளியேறும் காற்றின் வெப்பத்தால் உட்புகும் காற்றைச் சூடாக்கும் பொறி ஆகியவை இத்தகைய வீடுகளின் சிறப்பாகும்.

பழைய கட்டடங்களைத் திருத்த 2010 முதல் மத்திய அரசும் மாநிலங்களும் மானியம் வழங்குகின்றன. வெப்பமூட்டும் எண்ணெய், எரிவாயு ஆகியவற்றின் மீதான காபனீரொட்சைட்டு வரியே இதற்கு முக்கிய ஆதாரம். 2008 இல் தொன்னுக்கு 12 பிராங்காகத் தொடங்கிய இவ்வரி, 2022 முதல் 120 பிராங்காக உள்ளது. வருமானத்தில் மூன்றிலொரு பங்கு வரை இத்தகைய பணிகளுக்குச் செல்கின்றது. எஞ்சியதில் மக்களுக்குரிய பகுதி மருத்துவக் காப்புறுதிக் கட்டணத்திற் கழிக்கப்படுகின்றது. இவற்றுக்கு மேலாக, 2023 யூன் 18 ஆம் நாள் 59.1 வீத வாக்குகளால் ஏற்கப்பட்ட சட்டம், பழைய வெப்பமூட்டிகளை மாற்றுவதற்குப் பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 200 மில்லியன் பிராங்கை ஒதுக்குகின்றது.

எண்ணெயால் சூடாகும் வீட்டில் இவ்வரியைக் கட்டுபவர் யார்? எரிபொருட் செலவோடு சேர்த்து வாடகைக் குடியிருப்பாளரே கட்டுகின்றார். மானியம் பெறுபவரோ வீட்டு உரிமையாளர். திருத்தவேலை முடிந்ததும் அவர் வாடகையை உயர்த்தவும் கூடும். இந்நாட்டு மக்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் வாடகை வீடுகளிலேயே வாழ்கின்றனர். எம்மவருள்ளும் வாடகைக்கு இருப்போர் பலர். எனவே இது எமது பிரச்சினையுமாகும்.

சட்டம் குடியிருப்பாளரைக் கைவிடவில்லை. வாடகை உயர்வை அரச படிவத்திலேயே அறிவிக்க வேண்டும். பெற்ற மானியத்தை உரிமையாளர் அதிற் குறிப்பிடுவதோடு, அத்தொகையைக் கழித்தே உயர்வைக் கணக்கிடவும் வேண்டும். உயர்வு நியாயமற்றதெனக் கருதினால், அறிவித்தல் கிடைத்து 30 நாட்களுக்குள் இணக்கசபையிடம் முறையிடலாம். அங்கு விசாரணைக்குக் கட்டணமில்லை.

மொழி விளங்கவில்லையென்று அக்கடிதத்தை ஒதுக்கி வைத்தால், அந்த 30 நாட்களும் கடந்துவிடும். ஆகவே கடிதம் வந்த அன்றே மொழி அறிந்தவரிடம் காட்டி விளக்கம் பெறுவோம். மானியம் கழிக்கப்பட்டுள்ளதா எனக் கேட்போம். சுவருக்குப் போர்த்தும் காப்புறையில் எமது பணமும் சேர்ந்தே இருக்கின்றது.