படியும் வழியும்



பொதுக் கட்டடம் எழுப்புவோர் வாயில் வைக்க மறப்பதில்லை. ஆயினும் சக்கர நாற்காலியில் வருபவருக்கு, வாயிலின் முன்னுள்ள மூன்று படிகள் மூடிய கதவே ஆகும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, நம் நாட்டில் மாற்றுத் திறனாளிகள் ஏறத்தாழ 2 கோடியே 68 இலட்சம் பேர். இவர்கள் மருத்துவமனைக்கும் வாக்குச் சாவடிக்கும் பிறர் தூக்கிச் செல்லாமல் தாமே சென்றுவர நகரத்தை எவ்வாறு திருத்தி அமைப்பது?

முதலில் சாய்தளத்தைக் காண்போம். உயரம் ஒரு பங்காயின் நீளம் 12 பங்கு இருத்தல் வேண்டும். 15 சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று படிகளுக்கு 540 சென்டிமீட்டர் நீளம் தேவை. இடமில்லை என்று 2 மீட்டரில் முடித்துவிட்டால், ஏறுபவர் பின்னே உருள்வார். இறங்குபவர் முன்னே சாய்வார். அது இருந்தும் இல்லாததே. இடம் குறுகினால் வளைத்துக் கட்டலாம். திரும்புமிடத்தில் சமதளமும், இருபுறமும் கைப்பிடியும் வேண்டும்.

பார்வையற்றோர்க்குப் புடைப்புள்ள தரை ஓடுகள் வழிகாட்டுகின்றன. ஜப்பானைச் சேர்ந்த செய்யிச்சி மியாகே வகுத்த இவை, 1967இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நீண்ட கோடுகள் 'செல்க' என்றும், வட்டப் புள்ளிகள் 'நின்று கவனிக்க' என்றும் பாதத்திற்கும் கைக்கோலுக்கும் உணர்த்தும். டெல்லி மெட்ரோ நிலையங்களில் இவற்றைக் காணலாம். ஆனால் நிலையத்திற்கு வெளியே அவ்வழியை ஒரு மின்கம்பம் மறிக்குமானால், உள்ளே செய்த செலவு பயன் தராது.

ஆதலின் திட்டமிடுவோர் கட்டடத்தைத் தனியே நோக்காது, பேருந்து நிறுத்தம் முதல் அலுவலக மேசை வரை முழு வழியையும் ஆராய வேண்டும். மாற்றுத் திறனாளிகளையே உடன் அழைத்துச் சென்று, அவர்கள் தடைப்படும் இடங்களைக் குறித்து, அவற்றை முதலில் நீக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டுச் சட்டம், விதிகளுக்கு ஒவ்வாத கட்டடத் திட்டத்திற்கு அனுமதி அளிக்கலாகாது என்கிறது. பழைய பொதுக் கட்டடங்களைத் திருத்த அது அளித்த ஐந்தாண்டுத் தவணை 2022இல் முடிந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பரிந்துரைகளாய் நின்ற தரங்களைக் கட்டாய விதிகளாக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது மிக நெருங்கிய செய்தி. ஊரிலிருந்து நாம் அழைத்துவந்த முதிய பெற்றோருக்குக் கால் தளர்ந்திருக்கும். வழி கேட்கவோ அவ்வூர் மொழி தெரியாது. தடையற்ற பாதையும் தெளிவான படக்குறியும் அவர்களுக்கும் துணையாகும். நம் தமிழ்ச் சங்க மண்டபத்தின் படிகளையும் சாய்தளத்தையும் ஓர் அளவுநாடா கொண்டு இவ்வாரமே அளந்து பார்க்கலாமே!