வாட்டிய முந்திரிகையும் வருடக்கணக்கான காத்திருப்பும்

இத்தாலி நாட்டின் தொஸ்கானா மாகாணத்திலே “வின் சாந்தோ” என்றொரு இனிப்பு மது செய்கிறார்கள். புனித மது என்பது அதன் பொருள். சாப்பாட்டுக்குப் பிறகு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, பாதாம் பருப்புப் போட்ட காய்ந்த பிஸ்கோத்தை அதில் தோய்த்துத் தின்பது அந்த ஊர் வழக்கம். நாங்கள் தேத்தண்ணியில் ரஸ்க் தோய்க்கிறோமே, அது மாதிரித்தான்.

“கல்முனையில இருந்துகொண்டு மதுவைப் பற்றி எழுதுறீங்களா?” என்று சில காக்காமார் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எங்கள் ஊர்களில் பெரும்பாலானோருக்கு அது விலக்கப்பட்ட பொருள். சம்பள நாளில் மது செய்கிற வேலையைத் தோட்டத்து லயங்களிலுள்ள தாய்மாருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அந்தப் போத்தலுக்குள் கிடக்கிற உழைப்பைப் பற்றித்தான் பேச்சு. கொழுந்து வாட்டியவர்களுக்கும் கருவாடு போட்டவர்களுக்கும் அதில் பாதிக் கதை ஏற்கனவே தெரியும்.

முந்திரிகை என்று இங்கே நான் சொல்வது திராட்சையை, கஜுவை அல்ல. திரெப்பியானோ, மல்வாசியா என்ற இரண்டு வெள்ளை இனங்களே இதற்குப் பெரும்பாலும் பயன்படுகின்றன. செப்டெம்பர் அளவில் குலைகளைக் கையால் பறிக்கிறார்கள். எல்லாக் குலையும் உதவாது. பழங்கள் நெருக்கமில்லாமல், அடிபடாமல் இருக்க வேண்டும். ஒரு பழம் நசுங்கியிருந்தாலும் பூஞ்சணம் பிடித்து முழுக் குலையையும் கெடுத்துவிடும். பறித்த குலைகளைக் காற்றோட்டமான மேல்மாடியில் உத்தரத்திலிருந்து தொங்கவிடுவார்கள். அல்லது எங்கள் பன்பாய் போன்ற நாணற் தட்டிகளில் பரப்புவார்கள்.

தோட்டத்து ஆட்களுக்கு இது கேட்ட கதையாக இருக்கும். தொழிற்சாலையின் மேல்தட்டில் கொழுந்தைப் பரப்பிக் காற்று விட்டு வாட்டுவதும் இதே வேலைதானே! வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. கொழுந்து ஒரு நாளுக்குள் வாடிவிடும். முந்திரிகையோ மூன்று நாலு மாதம் கிடக்கிறது. சில வீடுகளில் ஈஸ்டருக்கு முந்திய வாரம் வரையும் கிடக்கும். அந்தப் புனித வாரத்தில் பிழிவதால்தான் இந்தப் பெயர் வந்தது என்கிறார்கள் சிலர். தேவாலயப் பூசையில் பயன்பட்டதால் வந்தது என்கிறார்கள் வேறு சிலர். இந்த மாதங்களில் நீர் போய்விடும், சீனி தங்கிவிடும். இந்தக் கட்டம் வரையில் அது நாங்கள் புரியாணிக்கும் கேக்குக்கும் போடுகிற பிளம்ஸ்தான்.

அதைப் பிழிந்தால் வருவது பாணி போன்ற கெட்டியான சாறு. அதைச் சிறிய மரப் பீப்பாய்களில் ஊற்றி மூடி, கூரைக்குக் கீழேயே விடுகிறார்கள். பழைய மதுவின் அடிமண்டி கொஞ்சம் பீப்பாயில் மிச்சம் இருக்கும். “தாய்” என்று அதற்குப் பெயர். கோடையில் கூரை கொதிக்கும்போது சாறு நுரைத்துப் புளிக்கும். குளிர் வந்தால் அடங்கிவிடும். சீனி அதிகமான சாற்றில் புளிக்கவைக்கும் நொதிக்கு மூச்சு முட்டுகிறது. மதுச்சாரம் நூற்றுக்கு 15, 16 அளவுக்கு வந்ததும் அது செத்துப்போகும். மிஞ்சிய சீனிதான் அந்த இனிப்பு. பதநீரில் சீனி குறைவு. அதனால்தான் மரத்திலிருந்து இறக்கிய சில மணித்தியாலத்தில் புளித்துக் கள்ளாகி, விட்டுவைத்தால் வினாகிரியாகவும் போய்விடுகிறது. அதையே காய்ச்சிப் பாணியாக்கிவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும்.

கியாந்தி பகுதியின் விதிப்படி, 100 கிலோ பச்சைப் பழத்துக்குக் கடைசியில் 35 லீற்றருக்கு மேல் மது வரக்கூடாது. பறித்து மூன்று வருடம் ஆகும் முன் விற்பனைக்கு விடவும் கூடாது. ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்பது எங்கள் கணக்கு. கருவாட்டின் விலையைப் பச்சை மீன் விலையோடு வைத்துப் பார்க்கிறவர்கள் போன எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும். குறுக்கு வழியும் இல்லாமலில்லை. வெளியிலிருந்து மதுச்சாரம் சேர்த்து, காத்திருப்பைச் சுருக்கி, குறைந்த விலைக்கு விற்கும் ஒரு வகையும் உண்டு. கித்துள் பாணிக்குள் சீனிப்பாகு கலப்பவர்களுக்கு அந்த ஊரிலும் சொந்தக்காரர் இருக்கிறார்கள் போலும்.

இதைச் செய்கிறவர்களில் பலர் சிறு குடும்பங்கள். சிலர் சேதன முறையில் பயிர் செய்கிறார்கள். சேதனம் என்றால் மருந்தே அடிக்காதது என்று நினைத்துவிடக் கூடாது. முந்திரிகைக்கு வரும் பூஞ்சண நோய்க்குச் செம்பு மருந்து அடிக்க அனுமதி உண்டு. 1946இல் இலங்கைக்குள் வந்த கொப்புள நோய்க்காகத் தேயிலைக்கு அடித்த மருந்தும் செம்புதான். செம்பு மண்ணில் தங்கிவிடும். ஆகவே ஐரோப்பிய ஒன்றியம் ஒரு ஹெக்டேயருக்கு ஏழு வருடத்தில் 28 கிலோ என்று எல்லை போட்டிருக்கிறது.

முந்திரிகைத் தோட்டமொன்று சேதன முறைக்கு மாற மூன்று வருடம் எடுக்கும். அதுவரை விளைச்சல் குறையலாம், விலையோ சாதாரண விலைதான். அதன் பிறகு பறிக்கும் பழத்தின் மதுவுக்கு இன்னும் மூன்று வருடக் காத்திருப்பு. ஆக, முதல் சேதனப் போத்தல் விற்பனைக்கு வர ஆறு வருடத்துக்கு மேலாகும். கையில் வேறு வருமானமோ வங்கிக் கடனோ இல்லாத குடும்பத்தால் இது முடியுமா?

அம்பாறை விவசாயிகளுக்கு இந்தக் கேள்வி நன்றாக விளங்கும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென்று தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. இடையில் ஒரு போகத்து வேளாண்மை அடிபட்டது. தேயிலையும் 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்தது, எரிபொருள் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்ட 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. சேதனம் இந்த நாட்டில் முடியாத காரியம் என்பதல்ல. ஹப்புத்தளைக்கு அருகே இதல்கஸ்ஹின்ன தோட்டம் 1980களிலேயே அந்த முறைக்கு மாறிவிட்டது. அங்கே கொடுத்த அவகாசம் வயல்காரனுக்குக் கொடுக்கப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சேதனச் சான்றிதழ் மண்ணையும் மருந்தையும் பார்க்கிறதே தவிர, பறித்தவரின் சம்பளத்தைப் பார்ப்பதில்லை. இத்தாலியின் பண்ணைகளில் பறிப்பு வேலை செய்பவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். ஆள் பிடித்துக் கொடுத்து, அவர்களின் கூலியில் பங்கு எடுக்கும் இடைத்தரகரை அங்கே “கப்போராலே” என்பார்கள். கங்காணி என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு உடனே விளங்கும். 2015 ஜூலையில் தெற்கே புலியா மாகாணத்தில் முந்திரிகைத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண் தொழிலாளி உயிரிழந்தார். அதனால் நாடே பேசியது. 2016இல் 199ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகர் மட்டுமல்ல, தெரிந்தே அவர்களைச் சுரண்டி வேலை வாங்கும் தோட்டக்காரரும் ஆறு வருடம் வரை சிறை போக நேரிடும்.