கடன் வாங்கிய ஏரும் உழாத நிலமும்: வேளாண் ஆய்வுக்கு வந்த அயல்நாட்டு உதவி

பசுமைப் புரட்சி என்றவுடன் விதை, உரம், பூச்சிக்கொல்லி ஆகியவற்றைப் பற்றியே நாம் விவாதிக்கிறோம். அவற்றை ஆராய்ந்து பரப்பிய நிறுவனங்கள் எந்த வார்ப்பில் உருவாயின என்று கேட்பதில்லை.

1950களிலும் 60களிலும் அமெரிக்க அரசின் உதவித் திட்டத்தின் கீழ் இல்லினாய், ஓஹாயோ, கான்சஸ், மிசௌரி, டென்னசி ஆகிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் இந்தியாவின் வெவ்வேறு பகுதிகளில் வேளாண் கல்வியைச் சீரமைக்கப் பணிக்கப்பட்டன. 1960இல் பந்த்நகரிலும், 1962இல் லூதியானாவிலும், 1964இல் பெங்களூருவிலும் வேளாண் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதுநிலைக் கல்விக்குத் துணை நின்றது.

இவ்வுதவி வீணானது என்று நாம் கூறவில்லை. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை இறக்குமதியானது. அதன் சிவப்பு மணியை இங்குள்ள மக்கள் விரும்பவில்லை. மெக்சிகோ வழி வந்த பயிரிலிருந்தே வெளிர்நிற மணி கொண்ட கல்யாண் சோனா, சோனாலிகா ஆகிய வகைகளை இந்திய ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தனர். விதையை வாங்குவது வேறு, அதை நம் மண்ணுக்கும் உணவுக்கும் ஏற்ப மாற்றத் தெரிவது வேறு. ஆய்வுத்திறன் என்பது இரண்டாவது.

ஆயின், அந்த வார்ப்பின் பிறப்பிடத்தையும் பார்க்க வேண்டும். 1862ஆம் ஆண்டின் மாரில் சட்டம், பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்தை விற்றுக் கல்லூரிகளை நிறுவ வழிசெய்தது. தென்மாநிலங்களில் அக்கல்லூரிகளுக்குள் கறுப்பின மக்கள் நுழைய முடியவில்லை. 1890இல் இரண்டாம் சட்டம் வந்தபோது, அவர்களைச் சேர்க்க மறுத்த மாநிலங்கள் தனிக் கல்லூரி அமைத்தாலே போதும் என்றானது. தனிக்குவளை முறையை அறிந்த நமக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. 1887இன் ஹேட்ச் சட்டப்படி ஒவ்வொரு மாநில ஆய்வு நிலையத்துக்கும் ஆண்டுக்கு 15,000 டாலர் கிடைத்தது. அலபாமாவில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் நடத்திய டஸ்கீகி நிலையத்துக்கு மாநிலம் ஒதுக்கியது 1,500 டாலர்.

அந்தச் சிறு தொகையில் கார்வர் செய்த ஆய்வு வேறு திசையில் சென்றது. பருத்தியால் வளம் இழந்த மண்ணில் வாரத்துக்கு உழுத ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள், விலைக்கு உரம் வாங்காமல் மண்ணை மீட்பது எப்படி என்பதே அவருடைய கேள்வி. தட்டைப்பயறும் நிலக்கடலையும் சர்க்கரைவள்ளியும் அதற்கு விடையாயின. 1906 முதல் ஒரு வண்டி அச்செய்தியைச் சிற்றூர்களுக்கே கொண்டு சென்றது.

இந்தியாவுக்கு வந்த வார்ப்பு இதுவன்று. தென்னிந்தியாவுக்குப் பொறுப்பேற்ற டென்னசிப் பல்கலைக்கழகம், தன் இளநிலை வகுப்புகளில் கறுப்பின மாணவர்களை முதன்முதலாகச் சேர்த்ததே 1961இல்தான்! நிலம் உடையவரே உழவர் என்று கொண்ட அந்த அமைப்பு, நிலம் சாதியால் பகுக்கப்பட்ட நாட்டில் வந்து பொருந்தியது.

ஃபோர்டு அறக்கட்டளையின் துணையுடன் 1960களின் தொடக்கத்தில் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் தஞ்சாவூரும் இடம்பெற்றது. விளைச்சலைப் பெருக்கும் நோக்குடன் விதை, உரம், கடன், ஆலோசனை ஆகியவை ஒருசேர வழங்கப்பட்டன. கூலி அத்தொகுப்பில் இல்லை. 1968 டிசம்பர் 25 அன்று அதே மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வுப் போராட்டத்தின் பின்னணியில், 44 தலித் மக்கள் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அயல்நாட்டு உதவிதான் அப்படுகொலையை நிகழ்த்தியது என்பது மலிவான முடிவு. நிலவுடைமையின் வன்மம் அதற்கு வெகுகாலம் முற்பட்டது. ஆனால் நிலச் சீர்திருத்தம் இன்றிப் புகுத்தப்பட்ட புதிய தொழில்நுட்பம் கிராமத்து ஏற்றத்தாழ்வைக் கூர்மையாக்குகிறது என்பதை, 1969இல் ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் அறிக்கையே ஒப்புக்கொண்டது.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் வசம் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. இன்று அயல்நாட்டு நிதி பருவநிலை மாற்றம் என்ற பெயரில் மீண்டும் வேளாண் ஆய்வுக்கு வருகிறது. வேளாண் கல்லூரிகளில் பயிலும் நம் மாணவர்கள் அத்தகைய திட்ட அறிக்கைகளில் பயனாளி யார் என்ற பத்தியை முதலில் படிக்க வேண்டும். வாய்மொழிக் குத்தகையில் உழுபவரும், நாற்று நடும் பெண்ணும் எந்தப் பட்டாவைக் காட்டி அதனுள் நுழைவார்கள்?