புகைக்குழாயில் ஓர் அடுப்பு

மயிலைக் கடற்கரையிலே, கலங்கரை விளக்கத்திற்குத் தெற்கே, சாந்தோமை நோக்கிச் செல்லும் வழியில் உள்ளது நொச்சிக்குப்பம். விடியற்காலையில் ஆங்குச் சென்று நிற்போர், கரையேறும் படகுகளையும், வலையினின்று மீன் கழற்றும் கைகளையும், கூவி விலை கூறும் மகளிரையும் ஒருங்கே காணலாம். முன்னாளிற் கட்டுமரமும் துடுப்பும் பாயுமே இத்துறையின் கருவிகள். 2004-ம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை வந்து சென்ற பின்னர் ஃபைபர் படகுகள் மிகுந்தன. அவற்றின் பின்புறத்தே பொருத்திய சிறு எஞ்சின், கடகடவென்று ஒலித்துப் புகை கக்கிக்கொண்டு படகைக் கடலுட் செலுத்துகின்றது. அந்தப் புகையோடு போகும் வெப்பத்தைப் பற்றியே யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

எம் கல்லூரியிற் பயின்று இப்போது கனடா தேசத்தில் வாழும் பழைய மாணவர் ஒருவர், சென்ற பனிக்காலத்தில் எமக்கு ஒரு கடிதம் விடுத்தார். உறைந்த ஏரி ஒன்றின்மீது நண்பர்களுடன் பனிவண்டியிற் சென்றாராம். நண்பகலில் வண்டியை நிறுத்தித் தம் பையைத் திறந்தபோது, வீட்டிலிருந்து கொண்டுசென்ற இட்டிலிகள் கூழாங்கற்களாகி இருந்தனவாம், பல் பதியவில்லை. உடன்வந்த ஒருவரோ தம் வண்டியின் முன்மூடியைத் தூக்கி, உள்ளே புகைக்குழாயின்மேல் அமர்ந்திருந்த ஓர் உலோகப் பெட்டியினின்றும் ஆவி பறக்கும் இறைச்சிக் குழம்பை எடுத்து யாவர்க்கும் பகிர்ந்தாராம். சாந்தோமில் வளர்ந்தவராகிய அவ்வன்பர், கடிதத்தின் இறுதியில் ஒரு வினா எழுப்பியிருந்தார்: “அந்தப் பெட்டி நொச்சிக்குப்பத்துப் படகில் ஏறுமா?” இவ்வினாவிற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதற்கண் பனிவண்டி இன்னதென்று அறிவோம். ஆங்கிலத்தில் ‘ஸ்நோமொபைல்’ எனப்படும் இவ்வண்டிக்கு முன்னே இரண்டு சறுக்குக் கட்டைகள் உண்டு. பின்னே, எஞ்சினாற் சுழலும் அகன்ற ரப்பர் வார் உண்டு. குதிரைமேல் அமர்வதுபோல் அதன்மேல் அமர்ந்து செலுத்துவர். இதனை உலகிற்குப் பரப்பியவருள் தலையாயவர், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே. 1922-ம் ஆண்டு, தமது பதினைந்தாம் வயதிலேயே, பழைய ஃபோர்டு எஞ்சினோடு காற்றாடி ஒன்றைப் பூட்டிப் பனியில் ஓடவிட்டவர் அவர். 1934-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் வயிற்று நோயுற்றான். பனி மூடிய வழியில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலாமையால் குழந்தை இறந்தது. பின்னரும் அவர் தம் முயற்சியை விட்டாரல்லர். 1937-ல் பலர் ஏறிச் செல்லும் பனிவண்டியையும், 1959-ல் ‘ஸ்கீ-டூ’ என்னும் சிறு வண்டியையும் விற்பனைக்குக் கொணர்ந்தார். இன்று அது விளையாட்டுக்கும் வேட்டைக்கும் உதவுவதாயினும், அதன் பிறப்பு உயிர் காக்கும் வேட்கையிலே வேரூன்றியது என்பதை மறத்தலாகாது.

அத்தகைய நாட்டிற் குளிர் சுழிக்குக் கீழே 20, 30 பாகைவரை இறங்கும். மனித உடலின் இயல்பான வெப்பம் 37 பாகை; அது 35 பாகைக்குக் கீழே தாழ்ந்தால் நடுக்கமும், சொற்குழறலும், அறிவு மயக்கமும் தொடரும். உடல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வயிற்றில் உள்ள உணவு துணைபுரியும். பையில் உள்ள உணவோ கல்லாய்க் கிடக்கின்றது! விறகு தேடித் தீ மூட்டுவதற்குள் விரல்கள் மரத்துப்போகும். ஆகவே, வழி நெடுக எரிந்துகொண்டே வரும் எஞ்சினையே அடுப்பாக்கும் எண்ணம் அந்நாட்டாருக்கு உதித்தது.

அதன் அமைப்பு மிக எளிது. எஞ்சினினின்றும் வெளிவரும் புகை, ஓசையை அடக்கும் உருளை ஒன்றின் வழியாகச் செல்லும். அவ்வுருளையின் மேற்பரப்பு, நீர் கொதிக்கும் நிலையினும் மிகுந்த சூடு உடையது. அதன்மேல் மூடியுள்ள உலோகப் பெட்டி ஒன்றை அசையாமற் பிணித்து, உணவை அலுமினியத் தாளிற் சுற்றி உள்ளே வைப்பர். புகைக்கும் உணவுக்கும் தொடர்பே இல்லை. இடையிலுள்ள உலோகத்தின் வழியே சூடு மட்டும் ஏறும். ஒரு மணி நேரம் அளவு வண்டி ஓடினால், உண்பதற்கேற்ற சூடு உண்டாகும். குளிரின் கடுமைக்கும் ஓட்டத்தின் வேகத்திற்கும் ஏற்ப இக்காலம் குறையும், கூடும். அடிப்புறமே மிகுதியும் காய்வதால் இடைவழியில் ஒருமுறை திருப்பி வைத்தல் நலம். வீட்டிலே முன்னரே வெந்த உணவைச் சூடாக்குதற்கே இது பெரிதும் தக்கது. மோட்டார்க் கார் ஓட்டுவோரும் இவ்வித்தையை அறிவர். 1989-ம் ஆண்டில் கிறிஸ் மேனார்டு, பில் ஷெல்லர் என்னும் அமெரிக்கர் இருவர் இதற்கென ஒரு சமையல் நூலே வெளியிட்டனர்; வேகும் காலத்தை அந்நூல் மைல் கணக்கிற் கூறுகின்றது!

இவ்வளவு வெப்பம் எங்கிருந்து வந்தது? எஞ்சினுக்கு நாம் இடும் எண்ணெயின் சக்தி முழுதும் சக்கரத்தைச் சேர்வதாக எண்ணியிருந்தோம். பௌதிகம் பயிலும் எம் தோழர் அம்மயக்கத்தைத் தெளிவித்தார். பெட்ரோல் எஞ்சினில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே உழைப்பாக மாறும். மூன்றில் ஒரு பங்களவு புகையோடு போகும். எஞ்சியது எஞ்சினின் உடலைச் சூடாக்கிக் கழியும். இது செய்தவன் குறையன்று. வெப்பம், சூடான இடத்தினின்றும் குளிர்ந்த இடத்திற்குச் செல்லும் வழியிலேதான் வேலை செய்யும் என்றும், ஆதலின் ஒரு பகுதியை வெளியே விட்டே தீரவேண்டும் என்றும் காட்டும் நெறியைப் பிரெஞ்சுப் பொறியியலாளர் சாதி கார்னோ 1824-ம் ஆண்டிலேயே வகுத்தார்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 7,500 கிலோகலோரி அடங்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு 2,500. ஒரு லிட்டர் நீரை உறைநிலையினின்றும் கொதிநிலைக்கு உயர்த்த 100 கிலோகலோரி வேண்டும். ஆகவே, ஒரு லிட்டர் பெட்ரோலின் புகையோடு கழியும் வெப்பம் முழுவதையும் பிடித்து வைக்கக்கூடுமானால், 25 லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கலாம்! முழுதும் பிடித்தல் இயலாது. பத்தில் ஒரு பங்கு கிடைப்பினும் நால்வர்க்குத் தேநீர் ஆகும். நொச்சிக்குப்பத்து மணலில் நின்று நோக்கினால் அடிவானத்திற் பெருங் கப்பல்கள் தோன்றும். அத்தகைய கப்பல்கள் பலவற்றிற் புகைவெப்பத்தைக் கொண்டே நீராவி உண்டாக்குவர். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டால் கடல்நீரைக் குடிநீராக்குவர். பெரியோர் செய்வதைச் சிறியோரும் செய்யலாகாதோ?

ஆயினும் எச்சரிக்கை வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. குருதியின் செம்பொருளோடு பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் சேர்ந்து, மூச்சிருக்கவே கொல்லும். ஆதலின் உணவு சூடாகும் பொருட்டு அடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுதல் சாவை அழைத்தலாகும். வாய் அடைத்த தகர டப்பாவை அப்படியே சூடேற்றின் வெடிக்கும். பச்சை இறைச்சி அரைவேக்காட்டில் நின்று நோய் தரும். துணியும் பிளாஸ்டிக்கும் குழாயிற் பட்டால் தீப்பற்றும்.

இவற்றையெல்லாம் கற்றுக்கொண்டு, ஒரு மாலை நொச்சிக்குப்பம் சென்றோம். வலை செப்பனிட்டிருந்த பெரியவர் ஒருவரை வணங்கி, “ஐயா, எஞ்சின் சூட்டிலே கஞ்சி காய்ச்சலாமா?” என்று கேட்டோம். அவர் நகைத்தார். “சட்டி நிக்காது தம்பி, அலை விடாது. புகையும் சோத்துல படியும். வெயில் நாளுல எங்களுக்குப் பழைய சோறுதான் குளிர்ச்சி, சூடு எதுக்கு?” என்றார். எம் பௌதிகமெல்லாம் மணலிற் சிந்திய நீராயிற்று. எழுந்திருக்கும்போது, அவரே மீண்டும் அழைத்து, “ஆனா மழைக்காலத்துல ராவெல்லாம் நனைஞ்சா கை விறைச்சுப் போகும், வலையைப் பிடிக்க முடியாது. பிளாஸ்க்குல கொண்டுபோற டீ பாதி ராத்திரியில தீர்ந்துடும். அப்போ ஒரு வாய் சுடுதண்ணி கிடைச்சா உசிரு வந்தாப்போல இருக்கும்,” என்றார்.

அன்பரின் வினாவிற்கு விடை அதுவே. பனிநாட்டுப் பெட்டி அப்படியே படகில் ஏறாது. அந்நாட்டுக்கு வேண்டியது குழம்பு, இக்கடலுக்கு வேண்டியது ஒரு குவளை வெந்நீர். அலையிற் சாயாத, உப்பில் அரியாத, ஆவி வெளியேற வழியுள்ள, புகை புகாத சிறு செம்பு ஒன்று போதும். தமிழ் பயிலும் எமக்கு அதனைச் செய்யும் கைத்திறன் இல்லை. பௌதிகச் சோதனைச் சாலையிலும் பொறியியல் துறையிலும் உள்ள நம் சகோதரர்களும், தொழிற்சாலைகளிற் பணியாற்றும் பழைய மாணவர்களும் இதனை முயல்வாராக. முயலுமுன் அப்பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வாராக. யாம் கற்ற பாடம் அது.

இரவெல்லாம் வலைவீசி வெறுங்கையராய் விடியலைக் கண்ட சீடர்களுக்கு, திபேரியாக் கடற்கரையிற் கரிநெருப்பும் அதன்மேல் மீனும் அப்பமும் காத்திருந்ததாக யோவான் சுவிசேஷத்திற் படிக்கின்றோம். கடலினின்று வருவோருக்குச் சூடான உணவு இன்னதென்று அந்நெருப்பை மூட்டியவர் அறிந்திருந்தார். நம் கரைக்கு எதிரே, கைக்கெட்டும் தொலைவில், ஒவ்வோர் இரவும் அத்தனை நெருப்பு வீணே புகையாய்க் கழிகின்றது.